நாலாவது சிலிண்டரில் தேங்கிய சேறு

மாலை நேர நெரிசலில் மலேசியாவின் கூட்டரசு நெடுஞ்சாலையில் பழைய மினி காரை ஓட்டுகிறவர் சாலையைப் பார்ப்பதைவிட டெம்பரேச்சர் முள்ளைத்தான் அதிகம் பார்ப்பார். 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த அந்தக் காரில் இன்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. ரேடியேட்டர் முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் இல்லை. இடது சக்கரத்தின் மட்கார்டை ஒட்டிச் சொருகியிருக்கிறார்கள். இன்ஜின் அறையில் ஏற்கெனவே சூடேறிய காற்றைத்தான் ஃபேன் அதன் வழியே வெளியே தள்ளும். இங்கிலாந்தின் குளிருக்கு அது போதும். கிள்ளான் வெயிலுக்கு எப்படிப் போதும்?

கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் ஒரு வர்க்‌ஷாப்பில், மினியின் கொதிப்பை அடக்கும் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். ஃபோர்மேனுக்கு அறுபது தாண்டியிருக்கும். அவருடைய அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் பாய்லர் வேலை பார்த்தவர். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்திருந்த 998 சிசி மினி ஒன்று அங்கே நின்றது. ரேடியேட்டரை மாற்றியும் கொதிப்பு அடங்கவில்லையாம்.

ஃபோர்மேன் ரேடியேட்டர் பக்கமே போகவில்லை. பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர்ப் பாதையை மூடியிருந்த கோர் பிளக்கைத் தட்டி எடுத்து, வளைத்த கம்பியை உள்ளே விட்டார். துருவும் சுண்ணாம்பும் கலந்த செம்பழுப்புச் சேறு கட்டிகட்டியாக வந்தது.

“பம்ப் ஒண்ணாவது சிலிண்டர் பக்கம் இருக்கு தம்பி. நாலாவது கடைசி வீடு. அங்க தண்ணி மெதுவாத்தான் போவும், சேறு உட்கார்ந்துரும். இத வச்சிக்கிட்டு எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் வேலைக்காவாது லா.”

சூடான நாடுகளில் பலரும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். இந்த இன்ஜினில் அது ஆபத்து. பம்பையும் ஹெட்டையும் இணைக்கும் விரல்நீள பைபாஸ் ஹோஸ் வழியாகத் தண்ணீரில் ஒரு பங்கு பின்பக்கம் போகாமலே பம்புக்குத் திரும்பிவிடும். கழற்றினால் அந்தத் துளையை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும். இவர் கழற்றவில்லை, 82 டிகிரியில் திறப்பதை எடுத்துவிட்டு 74 டிகிரியில் திறப்பதைப் பொருத்தினார்.

அதற்குப் பிறகுதான் பெரோடுவா கன்சிலின் அலுமினிய ரேடியேட்டர் வந்தது. 660 சிசி காருக்குச் செய்தது இதற்குப் போதுமா என்று கேட்டேன். கிரில்லுக்கு நேர் பின்னால் வைத்து மின்விசிறியும் போட்டால் வெளிக்காற்று நேராகக் கிடைக்குமே, அதுதான் கணக்கு என்றார். கன்சிலின் குழாய்வாய் ஒல்லி, மினியின் ஹோஸ் பருமன். நடுவில் போடும் பித்தளை இணைப்பைக் கடைசலில் கடைந்திருந்தார்கள். அதன் இரு நுனியிலும் மெல்லிய விளிம்பு எழுப்பியிருந்தார் அங்கே வேலை பார்க்கும் பையன். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் நழுவாமல் பிடிப்பது அந்த விளிம்புதான். புது ரேடியேட்டர் ஹெட்டைவிடத் தாழ்வாக இருப்பதால் காற்று மேலே சிக்கும். அதற்காக எல்லாவற்றையும்விட உயரத்தில் ஒரு சிறு தொட்டி.

பாடியில் புதிதாக ஓர் ஓட்டைகூடப் போடவில்லை. இருந்த போல்ட் துளைகளுக்கே தகடு வளைத்திருந்தார்கள். நாளை யாராவது பழையபடி மாற்ற விரும்பினால் மாற்றலாம். ‘ஒரிஜினல்’ பேசுகிறவர்கள் இந்த மரியாதையைக் கவனிக்க வேண்டும்.

பில்லில் ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட், கூலன்ட் எல்லாம் இருந்தன. சேறு எடுத்த நேரம் இல்லை. கேட்டதற்கு, “சாமான் வெல குடுப்பாங்க, கூலிக்குத்தான் பேரம் பேசுவாங்க,” என்றார். அதையும் எழுதுங்கள் அண்ணே என்றேன். காரைக் காப்பாற்றியதே அந்த வேலைதான்.