கொஞ்சம் மேல பாருங்க பாஸ்!

செல்போன் கடை, ஏசி ஆபீஸ், ஜவுளிக்கடைன்னு எங்க போனாலும் தலைக்கு மேல வழவழன்னு வெள்ளையா ஒரு சீலிங் இருக்குமே... அது ஒரே பலகைன்னா நினைச்சீங்க? ஆறுக்கு நாலு அடி ஜிப்சம் போர்டுகளை வரிசையா ஸ்க்ரூ அடிச்சு, நடுவுல விழுற இடைவெளியை மறைச்சது. அந்த மறைக்கிற வேலைதான் லீவு நாள்ல என் வருமானம். ஊர் ஏனாத்தூர், காலேஜ்ல ரெண்டாம் வருஷம், முதலாளி என் தாய்மாமா!

"இடைவெளியில பட்டி வெச்சுத் தேய்ச்சுட்டாப் போதாதா மாமா?"ன்னு முதல் நாளே கேட்டேன்.

"கூரை சும்மா இருக்காது மாப்ள, அசையும்"னார்.

சூடு, ஈரம், மேல்மாடி அதிர்வு... எல்லாத்துக்கும் போர்டு துளி நகரும். வெறும் பட்டி அந்த இழுப்பைத் தாங்காம முடி மாதிரி விரிசல் விடும். அதுக்குத்தான் ரெண்டு அங்குல பேப்பர் டேப். முதல்ல ஜாயின்ட் காம்பவுண்ட். அது ஈரமா இருக்கும்போதே டேப்பைப் பதிச்சு, பிளேடால அழுத்தி, உள்ள மாட்டின காத்தை வெளியேத்தணும். காய்ஞ்சதும் அடுத்த கோட், இன்னும் அகலமா. மூணாவது கோட் கிட்டத்தட்ட ஒரு அடிக்குப் பரவும். அப்புறம் உப்புத்தாள். போர்டோட நீளவாட்டு ஓரத்தை ஃபேக்டரியிலயே லேசா சரிச்சிருப்பாங்க. டேப் அந்தப் பள்ளத்துல உட்கார்ந்துக்கும். நாம வெட்டுற ஓரத்துல பள்ளம் ஏது? அங்கதான் மேடு தட்டும். அங்கதான் கைப்பழக்கம் தெரியும்.

(பேப்பரையும் ஜிப்சத்தையும் அடுக்கிப் பலகையாக்கி 1894-லயே பேடன்ட் வாங்கினவர் அமெரிக்காவோட அகஸ்டின் சேக்கெட். தூசி என் மூக்குல ஏறும்போதெல்லாம் அவரை நினைச்சுக்குவேன்!)

போன வருஷம் ஐப்பசி மழையில ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஆபீஸ் வேலை. ஒரு நாள்ல காய வேண்டிய கோட், ரெண்டு நாள் ஆகியும் ஜில்லுனு இருந்துச்சு. கான்ட்ராக்டருக்கு அவசரம். "மேலயே பெயின்ட் அடிச்சு முடிங்க, இல்லைன்னா பாக்கிப் பணம் கிடையாது"ன்னுட்டார். அந்தப் பாக்கியிலதான் என் செமஸ்டர் ஃபீஸ் இருந்துச்சு. நான் மாமா முகத்தைப் பார்த்தேன். அவர் பிளேடைக் கழுவித் துடைச்சு, "காயட்டும்"னு சாரத்துல உட்கார்ந்துட்டார்.

மூணு நாள் சாரத்து வாடகை எங்க தலையில. பாக்கி வந்துச்சு, பிடித்தம் போக. ஃபீஸை ஃபைனோட கட்டினேன்.

இந்த வருஷம் லைட் பாயின்ட் மாத்த அதே ஆபீஸுக்குப் போனோம். சீலிங்ல பக்கவாட்டுல டார்ச் அடிச்சா சின்ன மேடுகூட நிழல் காட்டிடும். அடிச்சுப் பார்த்தேன். ஜாயின்ட் எங்க இருக்குன்னு எனக்கே தெரியல. மாமா மேல பார்க்கவே இல்ல, டீ சொல்லப் போயிட்டார்.