சக்கரம் போன பாதை – 6: டேட்டன் நகரத்துச் சைக்கிள் கடை

ஓஹியோ மாநிலத்து டேட்டன் நகரின் மேற்குப் பகுதியில், சவுத் வில்லியம்ஸ் தெரு 22ஆம் எண்ணில் செங்கல்லால் கட்டிய மாடி வீடு போன்ற ஒரு கட்டடம் நிற்கிறது. 1895 முதல் 1897 வரை அதன் கீழ்த்தளத்தில் சைக்கிள் கடையும் மேல்தளத்தில் அச்சகமும் நடந்தன. இரண்டுக்கும் உரிமையாளர்கள் வில்பர் ரைட், ஆர்வில் ரைட் சகோதரர்கள். அவர்களுடைய கடை அந்த வட்டாரத்துக்குள்ளேயே பலமுறை இடம் மாறியது. அந்தக் கட்டடங்களில் பழைய இடத்திலேயே இன்றும் இருப்பது இது ஒன்றுதான்; தேசியப் பூங்காத் துறை இதைப் பாதுகாத்து வருகிறது. விமானம் பிறந்த ஊர் என்று கேள்விப்பட்டுத்தான் எல்லோரும் டேட்டனுக்கு வருகிறார்கள். என்னை அங்கே இழுத்தது சைக்கிள் கடைதான். 1890களில் அமெரிக்காவைப் பிடித்தாட்டிய சைக்கிள் மோகத்தில் ஒரு சிறு கடை எப்படிப் பிழைத்தது என்பதை இந்தத் தெருக்களில் அடியடியாகத் தொடர்ந்து பார்க்க முடிகிறது.

அந்த மோகத்துக்குக் காரணம் இரண்டு மாற்றங்கள். அதற்கு முன் இருந்தது ஆள் உயர முன்சக்கரமும் மிகச் சிறிய பின்சக்கரமும் கொண்ட வண்டி. சிறு கல் தடுக்கினாலும் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். 1885இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறத்தாழச் சம அளவுள்ள இரண்டு சக்கரங்களோடு, செயினால் பின்சக்கரம் சுழலும் ‘ரோவர்’ வண்டியைக் கொண்டுவந்தார். 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டும் சேர்ந்ததும் சைக்கிள், துணிச்சலான இளைஞர்களின் விளையாட்டாக இருந்த நிலை மாறி, பெண்களும் முதியவர்களும் ஏறி அமரும் வாகனமாயிற்று. மோகத்தின் உச்சத்தில் அமெரிக்காவில் ஏறக்குறைய 300 நிறுவனங்கள் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களைச் செய்து தள்ளின.

1892இல் ஆர்வில் 160 டாலர் கொடுத்துப் புதிய கொலம்பியா சைக்கிள் ஒன்றை வாங்கினார். சிக்கனக்காரரான வில்பர் 80 டாலருக்குப் பழைய ஈகிள் சைக்கிளோடு நிறுத்திக்கொண்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து இவர்களுடைய கடையில் வேலைக்குச் சேர்ந்த தேர்ந்த மெக்கானிக்குக்கு வாரக்கூலி 18 டாலர். அப்படிப்பட்டவருக்கு அந்தக் கொலம்பியா ஏறக்குறைய ஒன்பது வாரச் சம்பளம்! இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருள் பழுதானால் யாரும் தூக்கி எறியமாட்டார்கள், பழுதுபார்க்கத்தான் கொண்டுபோவார்கள். அச்சக வேலையில் கைப்பழக்கமும் இயந்திர அறிவும் பெற்றிருந்த சகோதரர்களிடம் நண்பர்கள் தங்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த ஆண்டு இறுதியிலேயே வெஸ்ட் தேர்ட் தெருவில் கடைக்கு இடம் பிடித்தாயிற்று. விற்பனை, வாடகை, ரிப்பேர் மூன்றும் அங்கே நடந்தன.

ரிப்பேர்தான் கடையின் உயிர். அன்றைய அமெரிக்கச் சைக்கிள்களில் ரிம் மரத்தால் ஆனது. பெரும்பாலான வண்டிகளில் டியூபும் டயரும் ஒன்றாகவே வார்க்கப்பட்டு, அந்த ரிம்மின் மேல் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். பஞ்சரானால் உள்ளே டியூபைத் தேட வழியில்லை. ஆணி குத்திய துளையைச் சுத்தம் செய்து, ரப்பர் கரைசலைச் செலுத்தி, காளான் போலத் தலை விரிந்த ரப்பர் அடைப்பானை உள்ளே நுழைத்து இழுத்துப் பிடிக்க வேண்டும். கரைசல் காய்வதற்குள் காற்றடித்தால் அடைப்பான் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பொறுமை இல்லாதவருக்கு ஒரே பஞ்சர் இரண்டு பஞ்சராகும்.

அதைவிட நுட்பமான வேலை கோட்டம் எடுப்பது. மர ரிம் ஈரத்தில் ஊறும், வெயிலில் சுருங்கும். ஒரு பக்கத்து ஸ்போக்ஸ் கம்பி தளர்ந்தால் சக்கரம் பாம்பு போல நெளியும். சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம் எந்த இடத்தில் எந்தப் பக்கம் விலகுகிறது என்று கண்ணால் பிடித்து, அந்தப் பக்கத்துக் கம்பியின் நிப்பிளைத் தளர்த்தி எதிர்ப்பக்கத்து நிப்பிளைக் கால் திருகு இறுக்க வேண்டும். ஒன்றை முறுக்கினால் அதன் அக்கம்பக்கத்துக் கம்பிகளின் இழுவையும் மாறும். கம்பியை விரலால் சுண்டினால் வரும் ஒலியே இறுக்கத்தைச் சொல்லிவிடும். மெல்லிய கம்பிகளின் இழுவை எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே இந்தச் சகோதரர்களின் விரல்கள் தெரிந்துவைத்திருந்தன.

1896இல் அவர்கள் சொந்தமாகவே சைக்கிள் செய்யத் தொடங்கினார்கள். டேட்டன் நகரம் தன் நூற்றாண்டைக் கொண்டாடிய ஆண்டு அது. உயர்ந்த ரகத்துக்கு ‘வான் கிளீவ்’ என்று ஊரின் தொடக்கக் காலக் குடியேறிகளான தங்கள் முன்னோர் பெயரை வைத்தார்கள். மலிவு ரகத்துக்கு ‘செயின்ட் கிளேர்’ என்று பெயர். எஃகுக் குழாய்களை வாங்கி, அளவாக அறுத்து, பற்றவைத்து, மெருகு வண்ணம் பூசினார்கள். ஹப்பை மட்டும் தாங்களே வடிவமைத்தார்கள்: ஊற்றிய எண்ணெய் கசியாமலும் தூசி புகாமலும் இருக்கும்படி. மண் சாலைகளில் ஓடும் வண்டிக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. 1900இல் இன்னொரு திருத்தம் வந்தது. மிதிக்க மிதிக்க இடது பெடல் மரை கழன்று விழும் தொல்லை அன்று சாதாரணம். அவர்கள் வலது பெடலுக்கு வலம்புரி மரையும் இடது பெடலுக்கு இடம்புரி மரையும் வெட்டினார்கள். இன்றும் சைக்கிள் பெடல்கள் இந்த முறையில்தான் செய்யப்படுகின்றன.

சந்தை அதற்குள் சரியத் தொடங்கியிருந்தது. வாங்கக்கூடியவர்கள் எல்லோரும் வாங்கி முடித்திருந்தார்கள். ஆலைகளோ நிற்காமல் ஓடின. விலை மளமளவென்று இறங்கியது. 1899இல் பெரிய உற்பத்தியாளர்கள் பலர் ஒரே கூட்டு நிறுவனமாக இணைந்தும் சரிவு நிற்கவில்லை. பெருநிறுவனங்கள் தடுமாறிய அந்த ஆண்டுகளில், 1127 வெஸ்ட் தேர்ட் தெருவுக்கு மாறியிருந்த ரைட் கடை தாக்குப்பிடித்தது. மோகம் தணிந்தாலும் ஏற்கெனவே விற்ற வண்டிகள் பழுதாகிக்கொண்டுதான் இருந்தன.

சைக்கிள் கடைக்கு ஒரு பருவ ஒழுங்கு உண்டு. வசந்தத்தில் விற்பனை, கோடையில் ரிப்பேர். இலையுதிர்காலம் வந்தால் கூட்டம் கலைந்துவிடும். 1900, 1901, 1902 ஆண்டுகளில் சகோதரர்கள் வடக்கு கரோலினாவின் கிட்டி ஹாக் மணல்மேடுகளில் கிளைடர் ஓட்டிப் பார்க்க இந்தப் பருவம் பெரிதும் கைகொடுத்தது. 1901இல் மட்டும் கோடை நடுவிலேயே புறப்பட்டார்கள். அதற்குத் துணிவு தந்தவர், அந்த ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்த மெக்கானிக் சார்லி டெய்லர். கடையை அவர் பார்த்துக்கொண்டார்.

கடையின் பணம் விமானத்துக்குப் போயிற்று என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. பட்டறையே ஆய்வுக்கூடமாகவும் இருந்தது. 1899 ஜூலையில், டியூப் வாங்க வந்த ஒருவரோடு பேசியபடி வில்பர் கையிலிருந்த காலி அட்டைப்பெட்டியை முறுக்கினார். ஒரு முனை ஒரு பக்கமும் மறுமுனை எதிர்ப்பக்கமும் வளைவதைக் கண்டார். இறக்கையையும் இப்படி முறுக்கினால் பறக்கும் பொறியைச் சமநிலையில் வைக்கலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1901இல் ஒரு செயின்ட் கிளேர் சைக்கிளின் ஹேண்டில்பாருக்கு முன்னால் மூன்றாவது சக்கரம் ஒன்றைக் கிடையாகப் பொருத்தி, அதில் சிறு இறக்கை மாதிரியை மாட்டி, தெருவில் வேகமாக மிதித்துக் காற்றின் தூக்குவிசையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அது போதாமல் கடையிலேயே ஆறடி நீளக் காற்றுச் சுரங்கம் ஒன்றைச் செய்தார்கள். அதற்குள் வைத்த அளவீட்டுத் தராசுகள் பழைய ரம்பத்தகடுகளாலும் ஸ்போக்ஸ் கம்பியாலும் ஆனவை.

1903இல் டெய்லர் ஆறே வாரத்தில் விமானத்துக்கான 12 குதிரைத்திறன் இன்ஜினைச் செய்து முடித்தார். சைக்கிள் பட்டறையின் கடைசல் இயந்திரமும் துளையிடும் இயந்திரமும்தான் அவருக்கு இருந்த முக்கியக் கருவிகள். இன்ஜினிலிருந்து இரண்டு விசிறிகளுக்கும் விசை போனது செயின் வழியாக. ஒரு செயினை மட்டும் குறுக்காக, எட்டு வடிவில் மாட்டினார்கள். அதனால் விசிறிகள் எதிரெதிர்த் திசையில் சுழன்றன. தண்டவாளத்தில் விமானத்தைத் தாங்கி ஓடிய கட்டை சைக்கிள் ஹப்புகளின் மேல் உருண்டது. டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக்கில் விமானம் முதல் முறை பறந்தது 12 விநாடி, 120 அடி. நான்காவது முறை 59 விநாடி, 852 அடி.

அதன் பிறகு சைக்கிள் செய்வது படிப்படியாக நின்றது. 1937இல் ஹென்றி ஃபோர்டு 1127ஆம் எண் கடையைச் செங்கல் செங்கலாகப் பிரித்து மிச்சிகன் மாநிலத்து டியர்பார்ன் நகரில் தன் கிரீன்ஃபீல்டு வில்லேஜ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். டேட்டனிலிருந்து அது வடக்கே 300 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. இந்தத் தொடரின் அடுத்த பகுதி அங்கே. இந்த வட்டாரத்தில் மிஞ்சியிருக்கும் கடைக் கட்டடம் சவுத் வில்லியம்ஸ் தெருவில் மட்டும்தான்.