குட்டைக் கரையில் பசி

சாவோ என்ற பெயர் தமிழ்க் காதுக்கு அவ்வளவு நல்ல சகுனமாக ஒலிப்பதில்லை. கென்யாவில் நைரோபியிலிருந்து மொம்பாஸாவுக்குப் போகும் ரயில் பாதையின் இரு பக்கமும் பரந்து கிடக்கும் வனவிலங்குப் பூங்கா அது. 1898-ல் அங்கே ரயில் பாலம் கட்ட வந்த இந்தியத் தொழிலாளர்களில் பலரை இரண்டு சிங்கங்கள் கூடாரத்திலிருந்து இழுத்துப் போனது பழைய கதை. 1948-ல் அது பூங்காவாயிற்று. கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவு. சேர்த்துப் பார்த்தால் 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேல்.

மேற்குப் பிரிவில் ஒரு விடுதியில் மூன்று இரவு தங்கினேன். வராந்தாவில் சாப்பாட்டு மேஜைகள். எதிரே கூப்பிடு தூரத்தில் ஒரு குட்டை. விடுதிக்கு உயிரே அந்தக் குட்டைதான். சூப் ஆறுவதற்குள் வரிக்குதிரைகள் வந்துவிடும். யானைகள் வந்தாலோ, பிரயாணிகள் கைக் கரண்டிகள் அந்தரத்தில் நின்றுவிடும். அந்த ஊர்ச் செம்மண்ணை வாரிப் பூசிக்கொண்டு, செங்கல் நிறத்தில், குட்டிகளை நடுவில் விட்டுக் குடும்பத்தோடு வருகின்றன. ஒரு பெரிய யானை நாளைக்கு நூறு லிட்டர் தண்ணீர் குடித்துவிடும்.

அந்தத் தண்ணீரைக் கொடுப்பது வானம் அல்ல, பம்பும் குழாயும். "இது இல்லாவிட்டால் கோடையில் அவை எங்கே போகும், ஸார்?" என்றார் பரிமாற வந்தவர். நியாயம்தானே? சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் வைப்பவனைப் புண்ணியவான் என்று சொல்லும் ஊர்க்காரன் நான். வாயில்லாப் பிராணிக்கு வைக்கும் பந்தலை என்ன குறை சொல்ல முடியும்?

ஆனால் சாவோவின் சரித்திரம் வேறு ஒன்றும் சொல்லுகிறது. 1960-களின் பிற்பகுதியில் அங்கே ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. யானைகள் பெருகி மரங்களை அழிக்கின்றன, சில ஆயிரத்தைச் சுட்டுக் குறைக்க வேண்டும் என்றார் ரிச்சர்ட் லாஸ் என்ற விஞ்ஞானி. இயற்கையிடமே விட்டுவிடுங்கள் என்றார் கிழக்குச் சாவோவின் வார்டன் டேவிட் ஷெல்ட்ரிக். ஷெல்ட்ரிக் கட்சி வென்றது. 1970, 1971-ல் மழை பொய்த்தது. ஏறத்தாழ 6,000 யானைகள் மாண்டன. இன்னும் அதிகம் என்பாரும் உண்டு.

அவை தாகத்தால் சாகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். கலானா ஆற்றில் தண்ணீர் இருந்தது. கரையை ஒட்டி மேய்வதற்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. இரை வெகு தூரத்தில் இருந்தது. ஆண் யானைகள் போய் வந்தன. குட்டியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. குட்டியை விட்டுத் தாய் போகாது. ஆகையால் செத்தவற்றில் பெரும் பகுதி தாய்களும் குட்டிகளும்தான். தண்ணீருக்குப் பக்கத்திலேயே, பசியால்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு விடுதிக் குட்டையைப் பார்த்தேன். சுற்றிலும் தரை, நெல்லடிக்கும் களம்போல் மொட்டையாகக் கிடந்தது. ஒரு புல் இல்லை. மரங்கள் முறிந்து கிடந்தன. பிரயாணிகள் எடுக்கும் படத்தில் யானைதான் விழுகிறது, தரை விழுவதில்லை. வற்றாத தண்ணீர் பக்கத்தில் இருந்தால் மிருகம் அங்கேயே தங்கிவிடுகிறது. அந்த இடத்துப் புல்லுக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

அதற்காகக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிடலாமா? 2022-ல் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை மட்டும் கென்யா முழுவதிலும் 205 யானைகள் வறட்சியில் இறந்ததாக அரசாங்கமே அறிவித்தது. அந்தக் கணக்கைப் படித்தவனுக்குத் தண்ணீரை நிறுத்தச் சொல்ல நாக்கு எழாது. ஆனால் எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு நாள் என்ற கணக்கு வேண்டும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து செயற்கை நீர்நிலைகள் பலவற்றை மூடிவிட்டார்கள். தண்ணீர்ப் பந்தல் வைத்தவன் புல்லுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

அந்தக் கடமையில் விருந்தாளிக்கும் பங்கு உண்டு. குட்டை சாப்பாட்டு மேஜைக்கு எதிரே இருப்பது யானையின் சௌகரியத்துக்காக அல்ல, நம் சௌகரியத்துக்காகத்தான். அறை கேட்டு எழுதுகிறவர்கள், ஜன்னலிலிருந்து குட்டை தெரியுமா என்று தவறாமல் கேட்கிறார்கள். மழை மாதங்களில் குழாயை மூடி வைப்பீர்களா என்றும் ஒரு வரி சேர்த்து எழுதலாம்.