25 மீட்டர்

ஜூலை 29, 2024

அப்பா வண்டியோடு விழுந்துவிட்டார். பெரிய அடி இல்லை. முழங்கையில் சிராய்ப்பு, கணுக்காலில் வீக்கம். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கச் சாத்தூர் போய்த் திரும்பும்போது, விளக்கு வைக்கிற நேரம். எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணில் அடித்ததும் தார் எங்கே முடிகிறது, கரிசல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லையாம். எக்ஸெல் தரிசுக்குள் இறங்கிச் சாய்ந்துவிட்டது. ஆடு பத்திக்கொண்டு போன ஒரு பையன்தான் தூக்கி உட்காரவைத்திருக்கிறான்.

"லாரிக்காரன் டிம் பண்ணல தாயி. நானும் முப்பத்தஞ்சு வருசம் லாரி ஓட்டுனவன்தான். எதிர வாரவன் கண்ணுல ஒரு நாளாச்சும் அடிச்சிருப்பனா?"

இன்சுலின் வாங்கவில்லை, மாத்திரைதான், அதனால் எதுவும் உடையவில்லை என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூலை 30

நேற்று பாப்பாவுக்கு டியூஷன் லீவு. இல்லையென்றால் பின்சீட்டில் அவள் இருந்திருப்பாள். ராத்திரி தூக்கமே இல்லை.

ஆகஸ்ட் 1

துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்து லைசென்ஸ் அட்டை விழுந்தது. அதில் இரண்டு தேதிகள். லாரிக்கு உள்ளது 2021-லேயே முடிந்திருக்கிறது. எக்ஸெல்லுக்கு உள்ளது 14.09.2023. அப்படியானால் பத்து மாதத்துக்கு மேலாக லைசென்ஸ் இல்லாமலேயே சாத்தூர் போய் வந்திருக்கிறார். வழியில் யாரும் நிறுத்தவில்லை. எழுபத்து மூன்று வயது ஆளை, ஹெல்மெட் போட்டு நாற்பதில் போகிறவரை, யார் நிறுத்துவார்கள்? நிறுத்தியிருந்தால் 5,000 ரூபாய். 2022 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் அதுதான் கணக்கு. எங்கள் தீப்பெட்டி ஆபீஸில் எனக்கு அரை மாதச் சம்பளம்.

சொன்னேன். எக்ஸெல் தேதி பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"ஹெவி போயிருச்சா?" என்றார்.

ஆகஸ்ட் 3

பிரவுசிங் சென்டர் தம்பி பொறுமையாகச் சொன்னான். எழுதி வைத்துக்கொள்கிறேன், எனக்கு மறந்துவிடும்.

ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்தைந்து வருசம்தான். அதற்கு மேல் இத்தனை வயதில் நிறுத்து என்று நம் நாட்டுச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. தொண்ணூறிலும் ஓட்டலாம். நாற்பது தாண்டிய யாருக்கும் டாக்டர் கையெழுத்துப் போட்ட 1ஏ படிவம் வேண்டும். தேதி முடிய ஒரு வருசம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். முடிந்த பிறகும் ஒரு வருசத்துக்குள் விண்ணப்பிக்கலாம். அந்த ஒரு வருசத்தில் விண்ணப்பிக்கலாமே தவிர வண்டி ஓட்டக் கூடாது. முன்பு முப்பது நாள் சலுகை இருந்ததாம், 2019 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஒரு வருசம் தாண்டினால் புது ஆள் மாதிரி எட்டு போட்டுக் காட்ட வேண்டும்.

ஆக, செப்டம்பர் 14.

லாரிக்கு அந்த ஒரு வருசமும் எப்போதோ போய்விட்டது. அதற்கு இனி லாரியிலேயே டெஸ்ட். பட்டாசு லோடு ஏற்றுகிறவர்களுக்கு இன்னும் கூடுதல்: அபாயப் பொருள் ஏற்றத் தனியாக மூன்று நாள் பயிற்சி, லைசென்ஸில் அதற்கென்று ஒரு குறிப்பு. அப்பா அந்த வகுப்புக்குப் போன கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். சிவகாசியில் லோடு ஏற்றிப் பாட்னா வரைக்கும் போவார். தீபாவளிக்கு முந்தின மாதங்களில் அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. வண்டியில் பீடி பற்ற வைக்காத டிரைவர் என்று ஆபீஸ்களில் அவருக்குப் பேர். திரும்பி வந்து இறங்கியதும் முதல் வேலை பீடிதான்.

ஆகஸ்ட் 4

அப்பா பேசவில்லை. சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 9

டாக்டரிடம் போனோம். ஊர், பேர் எழுதப் போவதில்லை. பஸ்ஸில்தான் போனோம்.

1ஏ படிவத்தை முந்தின நாளே நான் படித்திருந்தேன். பார்வையில் குறை உண்டா; நல்ல பகல் வெளிச்சத்தில், கண்ணாடி போடுகிறவர் என்றால் போட்டுக்கொண்டு, 25 மீட்டர் தூரத்தில் ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா; சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா; மாலைக்கண் உண்டா; காது கேட்கிறதா; கை கால் எப்படி. நல்ல கேள்விகள். யாரோ யோசித்து எழுதியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர் உண்மையாகப் பதில் தேடினால் கால் மணி நேரம் ஆகும்.

டாக்டர் அப்பாவை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். "சுகர், பிரஷர்?" "இல்லைங்கய்யா." "கண்ணு தெரியுதா?" "தெரியுதுங்கய்யா." சீல் விழுந்தது. காசு வாங்கிக்கொண்டார். வாசலுக்கு வந்தபோது அடுத்த ஆள் உள்ளே போயிருந்தார்.

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. விழுந்த கதையை நானாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அந்த டாக்டர் ஒரு வார்த்தை, "பெரியவரே, ராத்திரியில வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் போதும். சட்டம் அதை டாக்டரிடம் விட்டது, டாக்டர் சீலிடம் விட்டார், இப்போது அது என்னிடம் வந்து நிற்கிறது. நான் யார் அவருக்கு வண்டி ஓட்டாதே என்று சொல்ல? சைக்கிள் பழக்கி விட்டவர் அவர்.

எங்கள் பக்கத்தில் உரிமம் என்றால் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் காகிதம். உரிமம் ஒருவர் பேரில் இருக்கும், பட்டாசு ஷெட்டை உள்குத்தகைக்கு எடுத்தவர் இன்னொருவராக இருப்பார், உள்ளே மருந்து செலுத்துகிறவளுக்கு இருவர் பேரும் தெரியாது. வெடித்த மறுநாள் பேப்பரில் வரும், உரிமம் ரத்து என்று. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் சீலைப் பார்த்து இவ்வளவு கோபம் ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பாப்பா டேப்பால் தெருவில் 25 மீட்டர் அளந்து கோடு கிழித்தாள். அந்தப் பக்கம் நின்ற வேனைக் காட்டி, "நம்பர் சொல்லுங்க தாத்தா" என்றாள். டி.என். 67 என்று தொடங்கிக் கடைசி எண் வரை கடகடவென்று சொல்லிவிட்டார். எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அப்புறம்தான் அம்மா திண்ணையிலிருந்து சொன்னாள், "அது அவுக சோட்டாளு வண்டி. அந்த நம்பர் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாக."

அப்பாவே சிரித்துவிட்டார். பாப்பா மண்ணில் உருண்டாள்.

பிறகு உர மூட்டை இறக்க வந்த வெளியூர் டெம்போ ஒன்று நின்றது. நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். கடைசி எண் மூன்று. "எட்டு" என்றார். நான் "சரி" என்றேன். பாப்பா என்னைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 12

சிங்கப்பூரிலிருந்து தம்பி பேசினான். அங்கே அறுபத்தைந்து ஆனால் டாக்டர் பரிசோதனை, அப்புறம் மூன்று வருசத்துக்கு ஒரு தடவை. ஜப்பானில் எழுபத்தைந்துக்கு மேல் ஞாபகச் சோதனையாம், பதினாறு படங்களைக் காட்டி எடுத்துவிட்டு என்னென்ன இருந்தது என்று கேட்பார்களாம். லைசென்ஸை அவர்களாகவே திருப்பிக் கொடுக்கிற பெரியவர்களும் அங்கே நிறையப் பேராம். இங்கிலாந்து ராணியின் கணவர் பிலிப் 2019-ல் ஒரு விபத்துக்குப் பிறகு தொண்ணூற்று ஏழு வயதில் தானாகவே லைசென்ஸை ஒப்படைத்த கதையையும் சொன்னான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"அவருக்கு ஓட்டிவிட ஆளு இருக்கும்ல" என்றார் அப்பா.

தம்பிக்குப் பதில் வரவில்லை. எனக்கும்தான்.

ஆகஸ்ட் 20

இந்த வாரம் முழுக்க பஸ். டவுன் பஸ் வந்தால் எனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் இல்லை; அப்பாவுக்கு உண்டு. சென்னையில் அறுபது தாண்டியவர்களுக்கு மாதம் பத்து டோக்கன் கொடுக்கிறார்களே என்று கேட்கிறார். ஏழாயிரம்பண்ணைக் கிழவனுக்கு வயசு ஆகாதா என்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் டோக்கன் இருந்து என்ன, பஸ் வர வேண்டுமே. மினி பஸ் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை. ஆபீஸுக்கு இரண்டு நாள் லேட்டாகப் போய்ச் சம்பளத்தில் பிடித்தார்கள். பாப்பா டியூஷனுக்குப் போகவில்லை. ரேஷன் அரிசி இன்னும் கடையிலேயே இருக்கிறது. கரண்ட் பில் கட்டவில்லை. இதெல்லாம் யார் செய்துகொண்டிருந்தார்கள் என்று இத்தனை வருசம் யோசித்ததில்லை.

ஆகஸ்ட் 21

காலையில் நானே சாவியை எடுத்துக் கொடுத்தேன். "பகல்ல மட்டும்" என்றேன். அவர் வாங்கவில்லை. "லைசென்ஸ் இல்லயே தாயி."

ஆகஸ்ட் 26

சாத்தூர் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம். தெருவே வெளியே வந்து நின்றது. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பிரசவ கேஸாம், அப்புறம் தெரிந்தது.

2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தபோது அப்பாதான் அடுத்த வீட்டு அக்காவை எக்ஸெல்லில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தங்கச்சியைத் தேடிப் போனார். நடுராத்திரி தாண்டித்தான் திரும்பினார்கள். அப்போது அவருக்கு எழுபது. ராத்திரி வேண்டாம் என்று அன்றைக்கு நானும் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 1

பள்ளிக்கூடத்தில் கண் முகாம். நான் இழுத்துக்கொண்டு போகவில்லை, அவரே வேட்டி மாற்றிக்கொண்டு கிளம்பினார். டார்ச் அடித்துப் பார்த்த பெண் ஒரே நிமிசத்தில் சொல்லிவிட்டாள்: இரண்டு கண்ணிலும் புரை, வலது முற்றிவிட்டது. எதிர் வெளிச்சம் சிதறித் தெரியுமே, விளக்கைச் சுற்றி வட்டம் வருமே என்று கேட்டாள். "வரும்" என்றார் அப்பா. எத்தனை நாளாக? "ரெண்டு மூணு வருசமா." எங்களிடம் ஒரு தடவை சொன்னதில்லை.

டாக்டரின் சீல் ஆகஸ்டில் விழுந்தது. இந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்.

செப்டம்பர் 4

மதுரை. அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. நாளைக்கு வலது கண்.

வார்டில் எல்லாம் நம்ம பக்கத்து முகங்கள். கோவில்பட்டிக்காரர் ஒருவர் அப்பாவுக்கு டாக்டர் வெங்கடசாமி கதை சொல்லிக்கொண்டிருந்தார். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துக்காரர். முடக்குவாதத்தில் விரலெல்லாம் கோணிப்போன பிறகு கண் ஆபரேசன் பழகியவர். சர்க்கார் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், பதினொரு படுக்கையோடு இதைத் தொடங்கினார். "அம்பத்தெட்டு வயசுல" என்றார் அவர். அப்பா கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்த விரலுக்கு அவரு யார்ட்ட சர்ட்டிபிகேட் வாங்குனாரு?" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் இருமும் வரை சிரித்தார்.

செப்டம்பர் 6

கட்டு அவிழ்த்ததும் என்னைப் பார்த்து, "என்ன தாயி, இவ்வளவு நரைச்சிருக்கு" என்றார்.

செப்டம்பர் 13

நாளைக்குக் கடைசி நாள். படிவம், சீல் போட்ட 1ஏ எல்லாம் பீரோ டிராயரில். பிரவுசிங் சென்டர் தம்பி ஒன்பது மணி வரை இருப்பான், பத்து நிமிச வேலை.

"அந்தக் காயிதம் எங்க?" என்றார் சாயங்காலம்.

"டிராயர்ல இருக்கு."

"அது பழைய கண்ணுக்கு வாங்குனதுல்ல?"

அவ்வளவுதான். விண்ணப்பிக்கச் சொன்னாரா வேண்டாம் என்றாரா, எனக்குப் புரியவில்லை. நானும் கேட்கவில்லை. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது, பளு தூக்கக் கூடாது, சொட்டு மருந்து விட வேண்டும். வண்டி பற்றி அவர்கள் சொன்னதை அப்பா காதில் வாங்கினாரா தெரியாது.

செப்டம்பர் 17

தேதி போய்விட்டது. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எட்டு எவ்வளவு பெரிதாகப் போட வேண்டும், கால் ஊன்றக் கூடாதா என்று தாத்தா தன்னிடம் கேட்டதாகப் பாப்பா சொன்னாள்.

அம்மாவுக்கு மாத்திரை மூன்று நாளைக்குத்தான் இருக்கிறது. மினி பஸ் இன்றைக்கும் வரவில்லை. நானே எக்ஸெல் பழகினால் என்ன என்று சோறு வடிக்கும்போது தோன்றியது. கியர்கூடக் கிடையாது. அப்பாவிடம் சொன்னேன். பழகுகிறவர் எல்.எல்.ஆரில் ஓட்டும்போது பின்னால் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிற ஆளுக்கு நடப்பு லைசென்ஸ் இருக்க வேண்டும், அது தன்னிடம் இல்லை என்றார். சட்டம் பேசுகிறார் இப்போதெல்லாம்.

எனக்கு நாற்பத்து நான்கு. நானும் 1ஏ வாங்க வேண்டும். அந்த டாக்டரிடமே போவதா, வேறு ஆளைப் பார்ப்பதா என்று யோசிக்கிறேன்.