கந்தளாய்க் கரும்புக்குக் கோவையில் வேர்

கந்தளாய்க் குளக்கட்டில் நின்று நீர்ப்பரப்பைப் பார்க்க வருவோர் பலர். அந்தக் குளத்து நீரை நம்பி எழுந்த சீனி ஆலையைத் தேடி வருவோர் குறைவு. செக்கோஸ்லோவாக்கிய உதவியுடன் 1960 வாக்கில் அமைந்த ஆலை அது. 1990களின் முற்பகுதியில் மூடப்பட்டு, இயந்திரங்கள் துருவேறிப் பாழாய்ப் போனது.

இலங்கைக் கரும்புத் தோட்டங்களில் பல்லாண்டுகளாகக் கோலோச்சிய இரகம் கோ 775. அது பிறந்த ஊர் கோயம்புத்தூர். ஆகவே இந்த நாட்டுக் கரும்பின் வரலாற்றைக் கடலுக்கு அப்பாலிருந்தே தொடங்க வேண்டும்.

சென்னை சைதாப்பேட்டையில் 1868இல் வேர்விட்ட வேளாண் பள்ளி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைக்கு இடம்பெயர்ந்து கல்லூரியாக வளர்ந்தது. 1909இல் திறக்கப்பட்ட ஃப்ரீமன் கட்டடம் இன்றும் அதன் முகம். 1971இல் அந்தக் கல்லூரியே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது.

அதன் அருகிலேயே 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. தாவரவியலாளர் பார்பர் முன்னின்று நடத்தினார். கோவையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: விவசாயி கரும்பைக் கரணை நட்டே பயிராக்குகிறான்; ஆனால் புது இரகம் வேண்டுமென்றால் அது பூத்து விதை பிடிக்க வேண்டும். வட இந்தியாவில் அரிதான அந்தப் பூப்பு, கோவையில் நன்றாக நிகழ்ந்தது.

டி. எஸ். வெங்கடராமன் அங்கே துணிந்து ஒரு காரியம் செய்தார். இனிப்பு மிகுந்த தடித்த ‘வெள்ளை’க் கரும்போடு, கரையோரம் தானாக முளைக்கும் காட்டு நாணலைச் சேர்த்தார். பஞ்சு போன்ற கதிரில் கண்ணுக்கு எளிதில் தென்படாத விதை. அதை முளைக்கவைத்து, நாற்றாக்கி, வளர்த்து, சாற்றைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பதற்கு ஆண்டுகள் பிடித்தன. தாயின் இனிப்பும் நாணலின் உரமும் கூடிய கோ 205, 1918இல் வெளிவந்து பஞ்சாப் வயல்களில் வேரூன்றியது. அந்த வழியில் வந்த கோவை இரகங்கள் பல நாடுகளுக்குப் போயின.

ஆலையை ஓர் அரசு சில ஆண்டுகளில் கட்டிவிடலாம், மூடவும் செய்யலாம். நல்ல இரகத்துக்குத் தலைமுறைகளின் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையைப் பயிற்றுவிக்கும் இடம்தான் வேளாண் கல்லூரி. கந்தளாய் ஆலையில் எஞ்சியதைப் பாதுகாத்து, அங்கே ஒரு பலகை வைத்தால், ஆலை கட்டியவர்களின் பெயரோடு பார்பர், வெங்கடராமன் பெயர்களும் அதில் இடம்பெற வேண்டும். நம் பிள்ளைகள் அந்த இரண்டு வரலாறுகளையும் சேர்த்தே படிக்கட்டும்.