வலி நின்றுவிட்டது, கிரவுன் எதற்கு?

 

பெற்றோர் கூட்டம் முடிந்து கொப்பிகளை அடுக்கும்போது, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய் அருகில் வந்தார். "டீச்சர், பல்லுக்கு ரூட் கெனல் செஞ்சாச்சுங்க. இப்ப வலி இல்ல. டாக்டரு கிரவுன் போடணும்னு சொல்றாரு. போட்டுத்தான் ஆகணுங்களா?"

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்தது. "வலியில்லாத பல்லுக்கு எதற்குக் காசு?" என்று நாங்களே பதிலும் சொல்லிக்கொண்டோம். எங்கள் இருவரில் யாருடைய பல் என்று கேட்க வேண்டாம். தவணை ஆரம்பம், பிள்ளைகளின் சப்பாத்து என்று எட்டு மாதம் தள்ளிப்போட்டோம். ஒரு பின்னேரம் தேநீரோடு முறுக்கைக் கடித்தபோது 'டக்' என்று சத்தம். கடைவாய்ப் பல் வேர்வரை பிளந்திருந்தது. கழற்றத்தான் வேண்டியதாயிற்று. ரூட் கெனலுக்குக் கொடுத்த காசும் வீண். டொக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார், கேட்காதது நாங்கள்தான்.

அதன் பிறகு கேட்டு அறிந்துகொண்டதை ஊரவர்களுக்காக எழுதுகிறோம்.

பூச்சி தின்றதும் ரூட் கெனலுக்காகத் துளைத்ததும் சேர்ந்து பல்லின் உள்ளே வெறுமையாகிவிடும். மிஞ்சும் சுவர் மெல்லியது. கடைவாய்ப் பல் மெல்லும் பாரத்தைத் தாங்கவே கிரவுன். எல்லாப் பல்லுக்கும் தேவையில்லை. சிறிய ஓட்டைக்கு அடைத்தாலே போதும். கிரவுன் போடச் சுற்றிலும் 1 முதல் 2 மில்லிமீற்றர் வரை பல்லைத் தேய்ப்பார்கள். தேய்த்தது திரும்ப வளராது. ஆகவே தேய்ப்பதற்கு முன்பே எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். அடைத்தால் போதாதா, முரசு நல்ல நிலையில் இருக்கிறதா, மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை முறை வரவேண்டும் என்று கேளுங்கள். சீனி வருத்தம், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்து, உலோக ஒவ்வாமை இருந்தால் மறைக்காதீர்கள்.

முழு உலோகம், உலோகத்தின்மேல் போர்சலின், சேர்கோனியா என்று வகைகள் உண்டு. சிரிக்கும்போது தெரியாத பின் பல்லுக்கு உலோகமே போதும். பல்லையும் குறைவாகவே தேய்ப்பார்கள். உலோகத்தின்மேல் போர்சலின் வைத்ததில், முரசு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியலாம்.

தற்காலிக கிரவுன் இருக்கும் நாட்களில் அந்தப் பக்கம் தொதல், டொபி வேண்டாம். நிரந்தரமாக ஒட்டுமுன் கடித்துப் பாருங்கள். விறைப்பு போன பிறகும் அந்தப் பல் மட்டும் முந்தி முட்டினால், பழகிவிடும் என்று இருக்காமல் திரும்பப் போங்கள். கழன்று விழுந்தால் வீட்டுப் பசையால் ஒட்டாதீர்கள். கழுவி எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள்.

கிரவுனுக்குப் பூச்சி வராது. ஆனால் அதன் ஓரத்தில், முரசுக்கு அருகே, உள்ளிருக்கும் பல்லுக்கு வரும். காலையும் இரவும் அந்த ஓரத்தைத் துலக்க வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து, பதினைந்து வருடமும் இருக்கும்.

வுழூ, குளிப்பு கூடுமா என்றும் கேட்கிறார்கள். ஒட்டிய கிரவுனைக் கழற்றத் தேவையில்லை; ஷாபிஈ மத்ஹபில் வாய் கொப்பளிப்பது சுன்னத்து. மேலும் சந்தேகமிருந்தால் மௌலவியிடம் கேளுங்கள்.

அந்தத் தாய்க்கு ஒருநாள் லீவு என்றால் ஒருநாள் பெயர் விழாது. அது தெரிந்தும் "போடுங்கள்" என்றுதான் சொன்னோம். உலோகக் கிரவுன் சரிவருமா, இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவீர்களா என்று டொக்டரிடம் கேட்கச் சொன்னோம். கொழும்பு தேசிய பல் வைத்தியசாலையிலும் பேராதனை பல் வைத்தியசாலையிலும் இதற்கென்றே பிரிவுகள் உண்டு, காத்திருக்க வேண்டிவரலாம். அதுவரை மறுபக்கத்தால் மெல்லச் சொன்னோம்.

வலி நின்றதும் வைத்தியம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். நீங்கள் நினைக்க வேண்டாம். ரூட் கெனல் செய்துவிட்டு இருப்பவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இதை எத்திவையுங்கள்.