வேர்டனில் ஒரு பச்சை மேசை

ஜேர்மனிக்குப் போய்வருகின்ற எம்மவர்கள் அனேகமாக ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் கோயிலைப் பற்றித்தான் வந்து சொல்வார்கள். 2002 இல் கும்பாபிஷேகம் கண்ட அந்தக் கோயிலுக்கு நானும் போனேன். அர்ச்சனை செய்தேன், ஊர்ச் சனத்தைக் கண்டு கதைத்தேன். ஆனாலும் அந்தப் பயணத்தில் மனதை விட்டு அகலாமல் இருப்பது வேறோர் இடம். அதைத்தான் இம்முறை வாசகச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எனது பெரியம்மாவின் மகள் எசன் என்ற நகரத்தில் வசிக்கிறார். போன கோடையில் அவருடைய வீட்டில்தான் மூன்று கிழமை தங்கியிருந்தேன். எசன் அமைந்திருப்பது ரூர் ஆற்றுப் பிரதேசத்தில். ஒரு காலத்தில் நிலக்கரியும் இரும்பும்தான் அங்கே சீவியம். ஆயுதங்களைச் செய்த குருப் தொழிற்சாலை அங்கே இருந்தபடியால் இரண்டாம் உலகப் போரில் நகரத்தின் மீது குண்டுகள் கொட்டப்பட்டன. இன்று பார்த்தால் அப்படி ஒன்று நடந்ததென்றே தெரியாது. 1986 இல் மூடப்பட்ட சொல்வெரைன் சுரங்கத்தை 2001 இல் உலக மரபுரிமைச் சின்னமாக்கிவிட்டார்கள். துருப்பிடித்த இரும்பைப் பார்க்க இவ்வளவு சனமா என்று அக்கா சிரித்தார்.

நகர நிலையத்திலிருந்து எஸ் 6 புகையிரதத்தில் தெற்கே கொஞ்சத் தூரம் போனால் வேர்டன் என்ற இடம் வரும். ஆறு, பாலம், மரங்கள் அடர்ந்த குன்றுகள், பழைய தேவாலயம் என்று எல்லாம் அமைதியாக இருக்கும். அங்கேயுள்ள பெரிய கட்டடம் முற்காலத்தில் துறவிகளின் மடம். மடத்தை மூடிய பிறகு நெடுங்காலம் சிறைச்சாலை. இப்போது அது ஃபோல்க்வாங் கலைப் பல்கலைக்கழகம். அக்காவின் மகள் அங்கே பியானோ படிக்கிறாள். அவள்தான் ஒருநாள் காலையில், "சித்தி, டான்ஸ் படிக்கிற ஆக்கள் ஒரு பழைய டான்ஸைத் திருப்பிப் பழகினம். நான் பியானோ வாசிக்கிறன். நீங்களும் வாங்கோவன், அது போரைப் பற்றினது" என்றாள்.

எனக்குப் போக விருப்பம் இருக்கவில்லை. போரைப் பார்க்க நான் ஜேர்மனிக்கு வரவேண்டுமா என்று நினைத்தேன். பிள்ளை ஆசையாகக் கேட்டதால்தான் வெளிக்கிட்டேன்.

அந்த நடனத்தின் பெயர் 'பச்சை மேசை'. அந்தக் கலைக்கூடத்தை 1927 இல் தொடங்கியவர்களில் ஒருவரான கூர்ட் யோஸ் அதை ஆக்கினார். 1932 யூலை மாதம் பாரிஸில் நடந்த நடனப் போட்டியில் அது முதற்பரிசு பெற்றது. ஏறக்குறைய 35 நிமிடங்கள், எட்டுக் காட்சிகள். முதற்காட்சியில் பச்சைத் துணி விரித்த நீண்ட மேசையைச் சுற்றி முகமூடி அணிந்த பத்துக் கனவான்கள் நிற்பார்கள். கறுப்பு உடுப்பு, வெள்ளைக் கையுறை. குனிந்து வணங்குவார்கள், வாதாடுவார்கள், மேசையில் அடிப்பார்கள், மீண்டும் வணங்குவார்கள். கடைசியில் துப்பாக்கிகளை எடுத்துச் சுடுவார்கள். அதோடு போர் தொடங்கிவிடும். பிறகு விடைபெறல், சண்டை, அகதிகள், ஆயுதம் தூக்கிய ஒரு பெண், படையினரின் விடுதிக்குள் அகப்பட்ட ஓர் இளம்பெண் என்று காட்சிகள் நகரும். எல்லாவற்றிலும் சாவு என்ற பாத்திரம் வந்து வந்து ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு போகும். எட்டாவது காட்சியில் அதே கனவான்கள், அதே மேசை, அதே வணக்கம்.

லூபெக் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் இருந்த, சாவு எல்லோரோடும் கைகோத்து ஆடும் பழைய ஓவியத்தைப் பார்த்துத்தான் யோஸுக்கு இந்த எண்ணம் வந்ததாம். அந்த ஓவியமும் 1942 இல் விமானக் குண்டுவீச்சில் எரிந்துபோனது.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விடயம் இன்னொன்று. இதற்கு இசையமைத்த பிரிட்ஸ் கோஹென் யூதர். 1933 இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும், யூதக் கலைஞர்களைக் குழுவிலிருந்து நீக்கும்படி யோஸுக்கு நெருக்குதல் வந்தது. அவர் மறுத்து, குழுவோடு நாட்டை விட்டு வெளியேறி இங்கிலாந்தில் டார்ட்டிங்டன் என்ற இடத்தில் தஞ்சம் புகுந்தார். அகதிகளை ஆடவைத்தவர் அடுத்த ஆண்டே தானும் அகதி. போர் மூண்டதும் ஜேர்மனியர் என்ற காரணத்தால் அந்த நாட்டிலும் அவரைச் சிறிது காலம் தடுத்து வைத்தார்கள். 1949 இல்தான் எசனுக்குத் திரும்பினார்.

90 வருடங்களுக்கு மேற்பட்ட ஒரு நடனத்தை இன்றைய பிள்ளைகள் எப்படிப் பழகுகிறார்கள் என்று நான் பெறாமகளிடம் கேட்டேன். பாட்டுக்குச் சுரம் எழுதுவது போல அசைவுக்கும் எழுத்து இருக்கிறதாம். யோஸின் ஆசிரியரான ருடொல்ஃப் லாபான் 1928 இல் வெளியிட்ட முறை அது. கீழிருந்து மேலே வாசிக்கவேண்டும். ஒரு குறியின் நீளம் அந்த அசைவு எவ்வளவு நேரம் என்பதைக் காட்டும், அதன் வடிவம் எந்தப் பக்கம் என்பதைக் காட்டும். டார்ட்டிங்டனில் இருந்த காலத்திலேயே ஆன் ஹட்சின்சன் என்ற இளம்பெண் பச்சை மேசையை அப்படி எழுதி வைத்தார். யோஸ் 1979 இல் இறந்த பிறகு அவருடைய மகள் அன்னா மார்க்கார்ட் நாடுநாடாகப் போய்ப் பழக்கினார். அவரும் 2010 இல் காலமாகிவிட்டார். இப்போது அதனை ஆடியவர்களே வந்து அடுத்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அன்று பழக்க வந்திருந்தவரும் நரைத்த தலைமயிரோடு இருந்த ஒரு பெண்மணிதான்.

நாங்கள் போனபோது நான்காவது காட்சி, அகதிகள். பெண்கள் ஒரு கும்பலாக ஒடுங்கி நகரவேண்டும். அவர்களுக்குள் ஒரு வயோதிபத் தாய். சாவு வரும்போது மற்றவர்கள் சிதறி ஓட, அந்தத் தாய் மட்டும் நிற்பார். முதலில் பயப்படுவார், பிறகு தானாகவே அவனிடம் போவார். அவன் அவரைக் கைகளில் ஏந்திக்கொண்டு போவான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நல்ல சாப்பாடு சாப்பிட்டு, கண்ணாடி பதித்த மண்டபத்தில், தண்ணீர்ப் போத்தல்களைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, இருபது இருபத்தொரு வயதுப் பிள்ளைகள் எங்களுடைய நடையை நடந்து காட்டினார்கள். முகத்தைச் சுளித்தார்கள், நெஞ்சைப் பிடித்தார்கள், திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எவர் அப்படி நடந்தார்?

பழக்குகிற பெண்மணிக்கும் அது பிடிக்கவில்லை. கையைத் தட்டி நிறுத்தினார். முகத்தால் அழவேண்டாம் என்றார். பாரம் எங்கே இருக்கிறது, முழங்காலிலா இடுப்பிலா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். எண்ணிக்கை பிசகக்கூடாது, எழுதியிருக்கிற அடியில் ஒன்றும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்றார். திரும்பவும் பியானோ. திரும்பவும் முதலிலிருந்து. அந்த ஒரு சின்னத் துண்டை எத்தனை தரம் செய்தார்கள் என்று எண்ணத் தொடங்கிப் பதினொன்றில் விட்டுவிட்டேன். அழுகையெல்லாம் போய்விட்டது. களைத்த உடம்புகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நகர்ந்தன. அப்போதுதான் என் கண் கலங்கியது.

2009 இல் எனக்கு 19 வயது. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம் என்று நீங்கள் பலர் நடந்த அதே பாதையில்தான் நாங்களும் நடந்தோம். அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி அம்மா உருட்ட, நான் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தேன். இரணைப்பாலையில் சைக்கிளும் போய்விட்டது. பங்கருக்குள் மூன்று நாள் காய்ச்சலாகக் கிடந்து, நாங்கள் இருவரும் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் அம்மம்மா தனியே போய்விட்டா. பாயில் சுற்றிப் பக்கத்திலேயே தாட்டோம். செட்டிகுளம் முகாமிலும், பிறகு யாழ்ப்பாணத்தில் சமூகவியல் படித்த காலத்திலும், பெண் தலைமைக் குடும்பங்களோடு வேலை செய்யத் தொடங்கிய பிறகும்கூட இதை நான் எவருக்கும் விரித்துச் சொன்னதில்லை. மற்றவர்களின் கதையைக் கேட்டு எழுதுவதுதான் என் வேலை. அதற்குப் பின்னால் என்னை ஒளித்துக்கொள்வது எனக்குச் சுகமாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

தேநீர் இடைவேளையில், வயோதிபத் தாயாக ஆடிய பிள்ளை வந்து எனக்கருகில் நிலத்தில் இருந்தாள். கொரியப் பிள்ளை. நான் எந்த நாடென்று பெறாமகள் சொல்லியிருப்பாள் போலும். "நீங்கள் நடந்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். தன்னுடைய அம்மம்மாவையும் 1950 போரில் குழந்தையாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். கேட்டால் அவர் ஒன்றும் சொல்லமாட்டாராம், சாப்பிட்டாயா என்று கதையை மாற்றிவிடுவாராம். எங்கள் வீடுகளிலும் அதுதானே நடக்கிறது!

பழக்குகிற பெண்மணியும் கிட்ட வந்து, பையை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார். நான் எழும்பிக் காட்டினேன். பை முன்னால் வயிற்றோடு, ஏனென்றால் ஒரு கை எப்போதும் பின்னால் வருகிறவரைப் பிடிக்கவேண்டும். கண் முன்னால் போகிறவரின் குதிக்காலில். திரும்பிப் பார்க்க நேரமில்லை, பார்த்தால் விழுந்துவிடுவோம். பெறாமகள் அரைகுறைத் தமிழில் விளங்கி ஜேர்மன் மொழியில் சொல்லிக்கொண்டு வந்தவள் இடையில் நிறுத்திவிட்டாள். தாய் இதெல்லாம் அவளுக்குச் சொன்னதில்லை. அக்கா போருக்கு முன்னமே வந்துவிட்ட குற்ற உணர்வில் எங்களைப் பற்றிக் கதைக்கவே மாட்டார்.

நான் காட்டியதால் அடிகளில் எதுவும் மாறவில்லை. அவை எழுதப்பட்டவை. ஆனால் அடுத்த முறை அந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரம் முதற்காட்சியைப் பழகினார்கள். இரண்டு பியானோவிலும் துள்ளலான இசை. முகமூடிகளைக் கழற்றியபோது, அந்தக் கனவான்களுக்குள் பெண்பிள்ளைகளும் இருந்ததைக் கண்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. 2002 இல் தாய்லாந்தில் பேச்சுவார்த்தை தொடங்கிய நாட்களில் எங்கள் வீட்டில் பற்றரிக்கு வானொலியைப் பூட்டிவிட்டு எல்லோரும் சுற்றி இருந்து கேட்டோம். நான் 13 வயதுப் பிள்ளை. இனிச் சண்டை இல்லையாம் என்று அம்மம்மா மாட்டுக்குக்கூடச் சொன்னா. எத்தனை மேசைகள், எத்தனை நாடுகள். மேசையே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. பேசாமல் வேறென்ன செய்வது? ஆனால் யோஸ் அந்தக் கடைசிக் காட்சியில் ஒரு விரலைக்கூட மாற்றாமல் முதற்காட்சிக்கே திரும்பிப் போகிறாரே, அதுதான் பொறுக்கமுடியாமல் இருந்தது.

ஒன்றில் மட்டும் அவரோடு எனக்குச் சரிவரவில்லை. வயோதிபத் தாயிடம் வரும் சாவு அவ்வளவு மென்மையாக வருகிறான். எங்களிடம் அப்படி வரவில்லை. நடனத்துக்காக அழகுபடுத்திவிட்டாரோ என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். பெறாமகள் புகையிரதத்தில் என் கையைப் பிடித்தபடி ஒன்றும் கேட்காமல் இருந்தாள். அன்றிரவு புட்டுச் சாப்பிடும்போது தாயிடம் கேட்டாள், "அம்மா, அம்மம்மா ஆக்கள் எப்பிடி நடந்தவை எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?" அக்கா எழும்பிக் குசினிக்குள் போனார். கனநேரம் கழித்துத்தான் வந்து இருந்து கதைத்தார்.

ஊர் திரும்பிய பிறகு, பனையோலை வேலை செய்யும் எமது பெண்கள் குழுவில் இந்த நடனத்தைக் கதையாகச் சொன்னேன். கையால் மேசையில் அடித்தும் காட்டினேன். சிரித்தார்கள். "அந்த மேசைக்காரருக்குக் கடைசியில ஒண்டும் நடக்கேல்லையோ?" என்று ஓர் அக்கா கேட்டார். "இல்லை அக்கா, திரும்பவும் வந்து நிக்கினம்" என்றேன். "அது தெரிஞ்ச விசயம்தானே" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மாத்தளனில் தாயை விட்டுவிட்டு வந்த அக்கா ஒருவர் அதுவரை ஒன்றும் கதைக்காமல் ஓலை வார்ந்துகொண்டிருந்தார். எல்லோரும் எழும்பிய பிறகு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, அந்தக் கிழவியை அவன் தூக்கித்தானே கொண்டுபோனவன்?"

"ஓம் அக்கா. கையில ஏந்தித்தான்."

"இழுத்துக்கொண்டு போகேல்லை?"

"இல்லை."

தலையாட்டிவிட்டு, வார்ந்த ஓலைகளைச் சாக்கில் போட்டுக் கட்டத் தொடங்கினார்.